அம்பாசமுத்திரம் முதல் ஜெனீவா வரை: 1997-ல் போட்ட கையெழுத்துக்கு யார் கணக்கு கேட்பது?

பாபநாசத்தில் மலையிறங்கும் தாமிரபரணி, வி.கே.புரம், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று ஊர் ஊராகத் தொட்டுக்கொண்டுதான் திருநெல்வேலிக்கு வருகிறது. 2023 மார்ச் மாதம் இந்த மூன்று ஊர்களின் பெயரும் ஒன்றாகத் தமிழ்நாடு முழுக்கச் செய்தியில் அடிபட்டது. காரணம், அங்குள்ள போலீஸ் ஸ்டேஷன்கள்.

விசாரணைக்கு என்று கூட்டிப்போன இளைஞர்களின் வாயில் ஜல்லிக்கற்களைத் திணித்து அடித்தார்கள், கட்டிங் பிளேயரால் பற்களைப் பிடுங்கினார்கள் என்பது புகார். குற்றம்சாட்டப்பட்டவர் அம்பாசமுத்திரம் சரகத்தின் ஏ.எஸ்.பி. ஒருவர் தொடங்கி இன்னொருவர், அடுத்து இன்னொருவர் என்று பாதிக்கப்பட்டவர்கள் கேமரா முன்னால் வாயைத் திறந்து காட்டினார்கள். சேரன்மகாதேவி சப் கலெக்டர் விசாரணையைத் தொடங்கினார். சட்டமன்றத்தில் பிரச்னை எழுந்தது. அந்த அதிகாரி சஸ்பெண்ட் செய்யப்படுவதாக முதல்வர் மு.க.ஸ்டாலின் அவையிலேயே அறிவித்தார். மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதா தலைமையில் உயர்மட்ட விசாரணை நடந்தது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறி, நெல்லை நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் நடந்ததா, செய்தது யார் என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும்.

ஆனால், தீர்ப்புக்குக் காத்திருக்காமலே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஸ்டேஷனுக்குள் ஒருவரைச் சித்திரவதை செய்தால், அதை 'சித்திரவதை' என்றே பெயர் சொல்லித் தண்டிக்கும் தனிச் சட்டம் இந்தியாவில் இருக்கிறதா?

இல்லை. காயப்படுத்தியது, கொடுங்காயம் ஏற்படுத்தியது, மிரட்டியது என்றுதான் வழக்குப் போட முடியும். அப்படி ஒரு சட்டம் கொண்டுவருவதற்கான வழியில் இந்தியா உலக நாடுகள் முன்னால் கையெழுத்துப் போட்டு 27 ஆண்டுகள் தாண்டிவிட்டன. அந்தக் கையெழுத்து என்ன ஆனது என்று கணக்கு கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

நிச்சயம் ஆச்சு, கல்யாணம் ஆகலை!

ஐக்கிய நாடுகள் சபை 1984 டிசம்பர் 10-ம் தேதி சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையை ஏற்றது. 1987 ஜூன் 26-ல் அது நடைமுறைக்கு வந்தது. அரசு அதிகாரியோ அவர் தூண்டுதலில் இன்னொருவரோ, வாக்குமூலம் வாங்கவோ, தண்டிக்கவோ, மிரட்டவோ ஒருவருக்கு வேண்டுமென்றே உடலிலோ மனதிலோ கடும் வேதனை தருவதுதான் சித்திரவதை என்று அது சொல்கிறது. போர், அவசரநிலை, மேலதிகாரி உத்தரவு என்று எதையும் சாக்காகச் சொல்ல முடியாது. ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் இதைக் குற்றமாக்க வேண்டும்.

இதில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபர் 14-ல். அப்போது ஐ.கே.குஜ்ரால் பிரதமர்.

சர்வதேச ஒப்பந்தங்களில் கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு. நம் வீட்டு வழக்கத்தில் சொன்னால், கையெழுத்து என்பது நிச்சயதாம்பூலம். 'எங்களுக்குச் சம்மதம்' என்று நாலு பேர் அறியச் சொல்வது. ஏற்புறுதிதான் கல்யாணம். அதற்குப் பிறகுதான் பொறுப்பு முழுதாக வந்து சேரும். ஐ.நா. குழு முன்னால் அறிக்கை வைக்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தியா தட்டை மாற்றிக்கொண்டதோடு சரி. முகூர்த்தம் இன்னும் குறிக்கப்படவில்லை.

170-க்கும் மேற்பட்ட நாடுகள் இந்த உடன்படிக்கையை ஏற்றுவிட்டன. அக்கம்பக்கத்தைப் பார்த்தால் சீனா 1988-லும், நேபாளம் 1991-லும், இலங்கை 1994-லும், வங்கதேசம் 1998-லும், பாகிஸ்தான் 2010-லும் ஏற்றன. இலங்கை 1994-லேயே தனிச் சட்டமும் போட்டது. அதனால் அங்கே சித்திரவதை ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை. போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் அங்கே நடந்தது தமிழர்களுக்குத் தெரியும். சட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடாது. ஆனால் சட்டம் இருந்தால், மீறியவரைப் பார்த்து விரல் நீட்ட ஓர் இடம் இருக்கும்.

அவசரமாகப் பாஸ் ஆன மசோதா

கல்யாண ஏற்பாடு ஒருமுறை மண்டபம் வரை வந்தது. 2010-ல் மன்மோகன் சிங் அரசு 'சித்திரவதைத் தடுப்பு மசோதா'வை மக்களவையில் கொண்டுவந்தது. மே 6-ம் தேதி அது நிறைவேறியது.

மசோதாவைப் படித்தவர்கள் அதில் பல ஓட்டைகளைப் பார்த்தார்கள். உயிருக்கோ உறுப்புக்கோ ஆபத்து, கொடுங்காயம் என்கிற அளவுக்குப் போனால்தான் சித்திரவதை. அதற்குக் குறைவானவை நழுவிவிடும். புகாரை ஆறு மாதத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும். அடிபட்டவர் ஜெயிலில் இருந்து வெளியே வரவே சில சமயம் ஆறு மாதம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதிகாரி மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும். எவ்வளவு நாளுக்குள் அனுமதி தர வேண்டும் என்ற கெடுவும் கிடையாது.

இங்கேதான் நாடாளுமன்றம் தன் வேலையைச் செய்தது. மாநிலங்களவை இந்த மசோதாவை அப்படியே விடவில்லை. 2010 ஆகஸ்ட் மாதம் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. காங்கிரஸ் எம்.பி. அஸ்வனி குமார் தலைமையில் பல கட்சி உறுப்பினர்கள் உட்கார்ந்தார்கள். சட்ட நிபுணர்கள், மனித உரிமை அமைப்புகள், அரசுத் துறைகள் என்று பலரிடமும் கருத்துக் கேட்டார்கள். டிசம்பரில் அறிக்கை வந்தது.

சித்திரவதைக்கான விளக்கம் விரிந்தது. புகாருக்கான காலம் ஆறு மாதத்தில் இருந்து இரண்டு ஆண்டானது. முன் அனுமதி கேட்டு மூன்று மாதத்தில் பதில் வராவிட்டால், அனுமதி கிடைத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று குழு சொன்னது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பிரியாமல் நான்கு மாதத்தில் முடித்த வேலை இது.

அதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. மக்களவை நிறைவேற்றி, மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும் மசோதா, மக்களவை கலைந்தால் தானாகக் காலாவதியாகிவிடும். அது அரசியலமைப்பு விதி. 2014 மே மாதம் 15-வது மக்களவை கலைந்தது. மசோதாவும் அதோடு போனது. நிராகரித்து ஓட்டுப் போட்டவர் ஒருவரும் இல்லை. குழு அறிக்கை வந்த பிறகு மூன்றரை ஆண்டுகள் அது அவையின் முன்னால் கிடந்து காலாவதியானது.

பந்து திரும்ப நாடாளுமன்றத்துக்கே!

குழுவுக்குத் தலைமை வகித்த அஸ்வனி குமாருக்கே பொறுக்கவில்லை. 2016-ல் அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 'சித்திரவதைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்ற உத்தரவிடுங்கள்' என்பது அவருடைய மனு. நாடாளுமன்றத்தில் முடிக்க முடியாததை ஒரு முன்னாள் சட்ட அமைச்சர் நீதிமன்றத்தில் கேட்க வேண்டியிருந்தது.

அந்த வழக்கு நடக்கும்போதே மத்திய அரசு விஷயத்தைச் சட்ட ஆணையத்துக்கு அனுப்பியது. நீதிபதி பி.எஸ்.சௌஹான் தலைமையிலான ஆணையம் 2017 அக்டோபரில் 273-வது அறிக்கையைக் கொடுத்தது. உடன்படிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று பரிந்துரைத்து, புது வரைவு மசோதா ஒன்றையும் கூடவே இணைத்தது. போலீஸ் காவலில் இருக்கும்போது ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், அதைப் போலீஸ்தான் ஏற்படுத்தியது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், இல்லை என்று நிரூபிப்பது அதிகாரியின் பொறுப்பு என்கிற மாற்றம் அதில் முக்கியமானது. நாலு சுவருக்குள் நடப்பதற்குச் சாட்சி தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2019 செப்டம்பர் 5-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சித்திரவதை மனித கண்ணியத்துக்கு எதிரானது என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால், 'இந்தச் சட்டத்தை இயற்று' என்று நாடாளுமன்றத்துக்கு உத்தரவு போடுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அதிகாரப் பிரிவினையின்படி அது சரியான பதிலும்கூட.

அரசு சட்ட ஆணையத்தைக் கைகாட்டியது. ஆணையம் வரைவைக் கையில் கொடுத்தது. நீதிமன்றம் நாடாளுமன்றத்தைக் கைகாட்டியது. நாடாளுமன்றத்திலோ, இதை எடுத்து வைத்துக் கேள்வி கேட்கும் வேலை யாருக்கும் தரப்படவில்லை.

அதற்குள் சாத்தான்குளம்

தீர்ப்பு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 2020 ஜூன் 19-ம் தேதி, ஊரடங்கு நேரத்தில் கடையை மூடுவது தொடர்பான பிரச்னையில் சாத்தான்குளம் போலீஸார் ஒரு தந்தையையும் மகனையும் பிடித்துப்போனார்கள். இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் சாத்தான்குளம், 1986 வரை நெல்லை மாவட்டம்தான். கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்ட இருவரில் மகன் 22-ம் தேதி இரவும், தந்தை 23-ம் தேதி காலையும் இறந்தார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி நீதித்துறை நடுவர், ஸ்டேஷன் சி.சி.டி.வி. பதிவுகள் அன்றன்றைக்கே அழிந்துவிடும்படி செட்டிங் செய்யப்பட்டிருந்ததை அறிக்கையில் எழுதினார். ஹார்டு டிஸ்க்கில் இடம் இருந்தும் பதிவு இல்லை. அதே ஸ்டேஷனின் பெண் தலைமைக் காவலர் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். சி.பி.ஐ. ஒன்பது போலீஸார் மீது குற்றப்பத்திரிகை போட்டது.

சாத்தான்குளத்துக்குப் பிறகு, 2020 டிசம்பரில் எல்லா ஸ்டேஷன்களிலும் ஆடியோவுடன் சி.சி.டி.வி. வேண்டும் என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் அம்பாசமுத்திரம். அதற்கும் பிறகு 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் திருப்புவனத்தில், நகை காணாமல்போன புகாரில் விசாரிக்கப்பட்ட கோயில் காவலாளி போலீஸ் காவலில் இறந்தார். அந்த வழக்கும் சி.பி.ஐ.க்குப் போனது.

ஒவ்வொரு முறையும் ஒரே வரிசைதான். சம்பவம், கொந்தளிப்பு, சஸ்பெண்ட், விசாரணை மாற்றம், நிவாரணம். நடந்து முடிந்த பிறகு செய்பவை இவை. நடக்காமல் தடுக்க வேண்டிய வேலை டெல்லியில் பாக்கி இருக்கிறது.

கேட்டால் பதில் வரும்... ஒரு பழைய கணக்கு

நாடாளுமன்றம் கேள்வி கேட்பதால் என்ன நடந்துவிடும் என்று சலித்துக்கொள்பவர்களுக்குத் தமிழ்நாட்டு வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

1854 ஜூலை மாதம் லண்டனில், பிரிட்டிஷ் காமன்ஸ் சபையில் சென்னை மாகாணத்து நிலவரி பற்றி விவாதம் வந்தது. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு அங்கே எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியால் அதற்கு மேல் மூடி மறைக்க முடியவில்லை. அதே ஆண்டில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவரைக் கொண்ட ஆணையம் சென்னையில் அமைந்தது. அன்றைய திருநெல்வேலிச் சீமையும் அந்த மாகாணத்தில்தான் இருந்தது.

நேரில் வந்தும் கடிதம் எழுதியும் 1,959 பேர் புகார் சொன்னார்கள். பலர் நடந்தே சென்னைக்கு வந்தவர்கள். விரல்களை இரண்டு கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிக்கும் 'கிட்டி', ஆளைக் குனிய வைத்துக் கழுத்தையும் கால் விரலையும் கயிற்றால் சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது என்று ஒவ்வொரு முறையும் பெயரோடு பதிவானது. 1855 ஏப்ரலில் அறிக்கை தயார். வரி வசூலிலும், போலீஸ் வாக்குமூலம் வாங்குவதிலும் சித்திரவதை நடக்கிறது என்று அது ஒப்புக்கொண்டது.

அந்த அறிக்கை சுத்தமானது அல்ல. பழியை எல்லாம் உள்ளூர்ச் சிப்பந்திகள் தலையில் போட்டு, வெள்ளைக்கார அதிகாரிகளைக் காப்பாற்றியது. கார்ல் மார்க்ஸ் 1857-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இதைப் பற்றி எழுதினார். ஆனாலும் விளைவுகள் இருந்தன. வரி வசூலையும் போலீஸ் வேலையையும் ஒரே கையில் வைத்திருந்த ஏற்பாடு முடிவுக்கு வந்து, 1859-ல் சென்னை மாகாணத்துக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டம், வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்துவதைக் குற்றமாக்கியது. போலீஸிடம் கொடுத்த வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்ற விதியும் அந்தக் காலத்தில்தான் சட்டமானது. இன்றும் நம்மைக் காப்பாற்றும் விதி அது.

2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும், வாக்குமூலத்துக்காகக் காயப்படுத்தினால் 7 ஆண்டு, கொடுங்காயம் என்றால் 10 ஆண்டு வரை தண்டனை என்ற அந்தப் பழைய ஏற்பாடுதான் 120-வது பிரிவாகத் தொடர்கிறது. தண்டனைச் சட்டத்தையே புதிதாக எழுதிய நேரத்தில்கூட, 1997 கையெழுத்துக்கு ஏற்ற தனிப் பிரிவு சேர்க்கப்படவில்லை.

காலனி மக்களுக்கு ஓட்டே இல்லாத ஒரு சபை, ஒருமுறை கேட்டதற்கு ஓராண்டுக்குள் அறிக்கை வந்தது. நாமே ஓட்டுப் போட்டு அனுப்பும் அவை தொடர்ந்து கேட்டால் எவ்வளவு நடக்கும்?

யார் கேட்க வேண்டும்?

இந்தியாவில் வெளிநாட்டு ஒப்பந்தங்களைச் செய்வதும் ஏற்பதும் மத்திய அரசின் வேலை. அதற்கு நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தச் சட்டம் வேண்டும் என்றால்தான் நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும். அரசியலமைப்பின் 253-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. போலீஸ் மாநிலப் பட்டியலில் இருந்தாலும், சர்வதேச ஒப்பந்தத்துக்காக என்றால் நாடு முழுமைக்கும் நாடாளுமன்றம் சட்டம் போடலாம். 'சட்டம் ஒழுங்கு மாநில விஷயம்' என்ற பதில் இங்கே முழுப் பதில் ஆகாது.

பிரிட்டனில் 2010 சட்டத்தின்படி, பெரும்பாலான ஒப்பந்தங்களை ஏற்கும் முன் அரசு அதை நாடாளுமன்றத்தில் 21 அமர்வு நாள்கள் வைத்திருக்க வேண்டும். எம்.பி.க்கள் ஆட்சேபித்தால் தள்ளிப்போகும். 2001 முதல் அங்கே இரு அவைகளும் சேர்ந்த மனித உரிமைக் கூட்டுக் குழு இருக்கிறது. அமைச்சர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும். ஆஸ்திரேலியாவில் 2011 சட்டப்படி அமைந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழு, அவைக்கு வரும் ஒவ்வொரு மசோதாவும் அந்த நாடு ஏற்ற ஏழு மனித உரிமை ஒப்பந்தங்களோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து அறிக்கை தருகிறது.

இந்திய நாடாளுமன்றத்தில் துறைவாரியாக 24 நிலைக்குழுக்கள் இருக்கின்றன. உள்துறைக்கு ஒன்று, வெளியுறவுக்கு ஒன்று, சட்டத்துக்கு ஒன்று. மனித உரிமைக்கு என்று ஒன்று இல்லை. 1997 கையெழுத்து வெளியுறவு வேலையா, உள்துறை வேலையா, சட்டத்துறை வேலையா? மூன்றுமேதான். மூன்று பேர் பொறுப்பு என்றால் ஒருவர் பொறுப்பும் இல்லை என்பது கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

இருக்கிற வழிகளும் பயன்படாமல் இல்லை. 2022 ஜூலையில் மக்களவையில் கேட்கப்பட்ட ஒரு கேள்விக்கு உள்துறை இணை அமைச்சர் தந்த பதிலால்தான், 2020-21, 2021-22 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 4,484 காவல் மரணங்கள் பதிவானது நாட்டுக்குத் தெரிந்தது. இது போலீஸ் காவல், சிறை இரண்டும் சேர்ந்த கணக்கு. நோயால் இறந்தவர்களும் இதில் உண்டு. ஆனாலும் ஒரு எம்.பி. கேட்டதால் வந்த எண் இது.

தேசிய மனித உரிமை ஆணையத்தின் ஆண்டறிக்கையை, அதன் பரிந்துரைகள் மீது எடுத்த நடவடிக்கை விவரத்தோடு, இரு அவைகளிலும் வைக்க வேண்டும் என்று 1993 சட்டம் சொல்கிறது. அறிக்கை தாமதமாக வந்தால் விவாதிக்கும் சூடு ஆறிப்போகிறது. வைப்பது கட்டாயம். விவாதிப்பது கட்டாயம் இல்லை.

ஜெனீவாவில் சொல்வது டெல்லிக்குத் தெரியுமா?

வெளிநாட்டில் நிலைமை வேறு. ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் ஒவ்வொரு நாடும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மற்ற நாடுகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தியாவின் முறை 2008, 2012, 2017, 2022 என்று நான்கு தடவை வந்துவிட்டது. சித்திரவதை உடன்படிக்கையை எப்போது ஏற்பீர்கள் என்ற கேள்வியைப் பல நாடுகள் திரும்பத் திரும்பக் கேட்கின்றன. 2017-ல் அன்றைய அட்டர்னி ஜெனரல் முகுல் ரோத்தகி, சித்திரவதை இந்தியக் கலாசாரத்துக்கே அந்நியமானது, உடன்படிக்கையை ஏற்பதில் இந்தியா உறுதியாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார்.

ஜெனீவாவில் உலக நாடுகளுக்கு முன்னால் கொடுக்கும் இந்த வாக்கு, மக்களவையில் விவாதத்துக்கு வர வேண்டும் என்று விதி இல்லை. கொடுத்த வாக்கு எந்த அளவில் இருக்கிறது என்று அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சர் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 1979-லேயே இந்தியா ஏற்ற குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். சித்திரவதைக்குத் தடை அதிலும் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தின்படி ஐ.நா. குழு இந்தியாவை 1997-ல் விசாரித்தது. அடுத்து விசாரித்தது 2024 ஜூலையில்! இடையில் 27 ஆண்டுகள்.

இதில் நாட்டுக்கும் நஷ்டம் உண்டு. 1995 புருலியா ஆயுத வீச்சு வழக்கில் தேடப்பட்ட கிம் டேவியை ஒப்படைக்க, இந்தியச் சிறையில் சித்திரவதைக்கு ஆளாகலாம் என்று சொல்லி டென்மார்க் நீதிமன்றம் 2011-ல் மறுத்தது. குற்றவாளியைப் பிடித்துவர வேண்டும் என்றாலும் நம் ஸ்டேஷன்களும் சிறைகளும் நம்பத் தகுந்தவை என்று காட்ட வேண்டியிருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி தொகுதி மக்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்க மற்றவர்களைவிடக் காரணம் அதிகம். ஓட்டுக் கேட்டு வரும்போதும் சரி, குறைகேட்க வரும்போதும் சரி, ரோடு, ரயில், குடிநீரோடு இதையும் சேர்த்துக் கேட்கலாம். 'சித்திரவதைத் தடுப்புச் சட்டம் பற்றி அவையில் என்ன கேட்டீர்கள்?' எம்.பி. நட்சத்திரக் கேள்வி கேட்கலாம், தனிநபர் மசோதா கொண்டுவரலாம், நிலைக்குழுவில் எழுப்பலாம். உங்கள் எம்.பி. இதுவரை என்ன கேட்டார் என்பது மக்களவை இணையதளத்திலேயே இருக்கிறது. இரு அவைகளிலும் மனுக்கள் குழு உண்டு. சாதாரணக் குடிமகனும் அதற்கு எழுதலாம்.

சட்டம் வரும்வரை, இப்போதே இருக்கும் பாதுகாப்புகளை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

* கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும். வீட்டாருக்கோ நண்பருக்கோ தகவல் தர வேண்டும்.
* கைது குறிப்பு எழுதி, சாட்சி கையெழுத்தோடு, கைதானவரின் கையெழுத்தும் வாங்க வேண்டும்.
* 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது.
* மருத்துவப் பரிசோதனை உண்டு. காயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிப் பதியச் சொல்ல வேண்டும்.
* விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். வசதி இல்லாதவர்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.
* நடுவர் முன் நிற்கும் நிமிடம் முக்கியமானது. 'அடித்தார்கள்' என்றால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பிறகு சொன்னால் 'அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?' என்ற கேள்வி வரும்.

இவற்றில் பல, 1996-ல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துத் தந்து, பின்னால் சட்டத்துக்குள் வந்தவை. கேட்டதால் கிடைத்தவைதான் இவையும்.

அந்தக் கையெழுத்து போடப்பட்ட 1997-ல் பிறந்த குழந்தை, அம்பாசமுத்திரத்தில் வாயைத் திறந்து காட்டிய இளைஞர்களைப் பார்த்தபோது இருபத்தைந்தைத் தாண்டியிருக்கும். ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. மசோதா தயாராக இருக்கிறது. அதைத் திருத்திய குழு அறிக்கையும், சட்ட ஆணைய அறிக்கையும் அலமாரியில் இருக்கின்றன. எடுத்து மேசையில் வைக்க ஒரு எம்.பி. வேண்டும். அவரை எடுக்க வைக்க அவருடைய தொகுதி மக்கள் வேண்டும்.